சப்பாத்துக் கழற்றும் இடம்

மச்சான்,

இன்று காலை காரின் டிக்கியைத் திறந்தபோது உன் சப்பாத்து அகப்பட்டது. குடைக்கும் மகளின் பழைய ஹொக்கி மட்டைக்கும் அடியில், மரக்கறிக்கடைப் பை ஒன்றுக்குள் இரண்டும் கிடந்தன. கட்டட வேலைக்குப் போடுகிற, முன்னுக்கு இரும்பு வைத்த கறுப்புச் சப்பாத்து. வலது காலின் நுனியில் சீமெந்துத் தூசி இன்னும் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. நான்தான் உனக்கு வாங்கித் தந்தேன், நீ போட்டது ஒரேயொரு நாள். அதையும் முழுநாள் போடவில்லை. ஒரு கதவு வரைக்கும் போட்டுக்கொண்டு நடந்தாய், கதவடியில் கழற்றி வைத்தாய். திரும்பும்போது உன் சொந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு இதை என் காரிலேயே விட்டுவிட்டுப் போனாய்.

பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு நின்ற மகள் எட்டிப் பார்த்து, இதைப் பழைய சாமான் வாங்கித் தர்மத்துக்கு விற்கிற சரிட்டிக் கடைக்குக் கொடுத்துவிடலாமே அப்பா என்று இங்கிலிஷில் கேட்டாள். “மாமாவின்ர சப்பாத்து. கை வைக்காத” என்றேன். கொஞ்சம் உரத்துத்தான் சொல்லிவிட்டேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். எந்த மாமா என்று அவள் கேட்கவேயில்லை.

பிறகு என் சப்பாத்தைக் காருக்குள் போட்டுவிட்டு உன்னுடையதை மாட்டினேன். எனக்கு ஒரு அளவு பெரிது. இரண்டு சோடி காலுறை போட்டுச் சமாளித்தேன். இன்று எனக்கு இருந்த வேலைக்கு அதுதான் பொருத்தம் என்று பட்டது.

உனக்கு முதலில் இருந்தே சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் என் வாயால் நான் ஒருநாளும் ஒழுங்காகச் சொல்லவில்லை. மறியல் கட்டுகிற வேலையில் இருக்கிறேன் என்பதை ஒரு வருடம் உன்னிடமிருந்து மறைத்தேன். லண்டனின் கிழக்கு ஓரத்தில் எழும்புகிற புதிய சிறை. அதன் அறைகளை வரைகிற குழுவில் நான் ஒருவன். அலுவலகத்தில் அதற்கு எத்தனையோ நாகரிகமான பெயர்கள் இருந்தன. நம் வாயில் சிறை என்றால் மறியல்தான். “என்னடா வேலை போகுது?” என்று நீ கேட்கும்போதெல்லாம் “கவுன்மெண்ட் பில்டிங் ஒண்டு” என்றேன். வழக்கும் இல்லாமல் விசாரணையும் இல்லாமல் ஊரில் நான்கு வருடம் மறியலில் கிடந்தவனிடம் வேறு எதைச் சொல்ல? முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தேன். மூடுகிற அளவுக்குச் சோறு காணாது என்று எனக்கும் தெரியும்.

மகளின் பன்னிரண்டாவது பிறந்தநாளன்று பூசணிக்காய் வெளியே வந்தது. கேக் தட்டோடு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், “அப்பா ஜெயில் கட்டுறார், தெரியுமா மாமா?” என்று பெருமையாகச் சொன்னாள். நீ கேக்கைச் சாப்பிட்டு முடித்தாய். தட்டைக் கழுவி வைத்தாய். அவள் தலையைத் தடவிவிட்டு, என்னைப் பார்க்காமல் போனாய். மூன்று கிழமை, இருபத்தொரு நாள், என் போனை எடுக்கவில்லை.

நாலாம் கிழமை ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் இல்ஃபோர்டில் என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினாய். நான் வாய் திறக்க முதலே, “ஆரோ கட்டத்தான் போறாங்கள் எண்டு மட்டும் சொல்லாத” என்றாய். சரியாக அதைத்தான் சொல்ல வைத்திருந்தேன்.

“கட்டத்தான் போறாய் எண்டால் ஒழுங்காக் கட்டு. பிளானைக் காட்டு.”

பிளானை வெளியாருக்குக் காட்ட ஏலாது என்றேன். அப்படியென்றால் அளவைச் சொல் என்றாய். சொன்னேன். உன் வானிலிருந்து ஒட்டுநாடாவை எடுத்து வந்து, என் குசினியில், அடுப்புக்கு முன்னால், தரையில் அந்த அளவை ஒட்டினாய். நீயே போட்டுத் தந்த தரை அது. சுருளாக வருகிற வைனில் தரையை அளந்து வெட்டி ஒட்டுவது, மறியலுக்குப் பிறகு சுவிஸில் பழகிக்கொண்டு வந்த தொழில். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு சின்னக் களஞ்சிய அறையும் ஒரு வானும் உன் சொத்து. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கடை என்று கிழக்கு லண்டனில் பாதிப் பேர் என்ர தரையிலதான் நடக்கிறாங்கள் என்று பீற்றிக்கொள்வாய். அன்று பீற்றவில்லை. முழங்காலில் நின்று, கட்டில் இங்கே, மேசை இங்கே, கக்கூஸ் இங்கே என்று நான் சொல்லச் சொல்ல ஒட்டினாய். பிறகு கட்டில் என்று ஒட்டிய இடத்தில் போய் மல்லாக்கப் படுத்தாய். தேத்தண்ணீர் ஊற்ற வந்த என் மனைவி உன்னைத் தாண்டப் பயந்து வாசலிலேயே நின்றாள்.

படுத்தபடியே கேட்டாய்: “சப்பாத்து எங்கை விடுறது?”

நான் சிரித்துவிட்டேன். கட்டிலுக்குக் கீழே விடுவாங்கள் என்றேன். நீ சிரிக்கவில்லை.

உங்கள் அறையில் பதினான்கு பேர் என்று அன்றுதான் சொன்னாய். அத்தனை பேருக்கும் ஒரே சட்டம், நீங்களே போட்ட சட்டம்: செருப்பு கதவடியில் வரிசையாக நிற்க வேண்டும், அதற்கு இங்காலே பாய். பாயில்தான் சாப்பாடு, பாயில்தான் படுக்கை, கும்பிடுகிறவன் கும்பிடுவதும் பாயில்தான். சோதனைக்கு வருகிறவர்கள் சப்பாத்துக் காலோடு அந்தப் பாய்களில் ஏறி நிற்பார்கள். “அடிச்சது மறந்துபோச்சு மச்சான். பாயில சப்பாத்தோட நிண்டது மறக்கேல்லை.” ஆறாம் வகுப்பிலிருந்து உன்னைத் தெரியும். இந்தக் கதையை நீ எனக்குச் சொல்ல, நான் மறியல் கட்ட வேண்டியிருந்திருக்கிறது. அதை நினைத்து அன்று வெட்கப்பட்டேன், இன்றும் படுகிறேன்.

இங்கே இப்படியான கட்டடம் கட்டும்போது முதலில் ஓர் அறையை மட்டும் முழு அளவில் செய்து வைத்து, அதில் வேலை செய்யப் போகிறவர்களையும் முன்பு உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டுக் கருத்துக் கேட்பார்கள். சுவர்களை வார்க்கிற தொழிற்சாலையில் அந்த மாதிரி அறை இருந்தது. உள்ளே இருந்தவர் என்ற கணக்கில் உன் பெயரைக் கொடுத்தேன். அதற்காகத்தான் இந்தச் சப்பாத்தை வாங்கினேன். காருக்குள் ஏறும்போது உன் கையில் ஈயத்தாளில் சுற்றிய மட்டன் ரோல்ஸ். வழிக்குச் சாப்பிட என்று நினைத்தேன்.

அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எங்கள் திட்ட மனேஜர் இருந்தார். அந்தச் சிறையை நடத்தப் போகிற அதிகாரியும் இருந்தார்: நரைத்த தலையை ஒட்ட வெட்டிய பெண்மணி, சாதாரணக் காவலராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். எல்லோரும் பாதுகாப்புத் தொப்பியும் சப்பாத்துமாக விறுவிறென்று அறைக்குள் போனார்கள். நீ கதவடியில் குனிந்தாய், நாடாவை அவிழ்த்தாய், சப்பாத்து இரண்டையும் சுவரோரம் சேர்த்து வைத்தாய், காலுறையோடு உள்ளே போனாய். மனேஜர் பதறி, இது வேலைத்தளம், சப்பாத்தைக் கழற்றக் கூடாது என்றார். நீ திரும்பி உன் இங்கிலிஷில் சொன்னது இரண்டே சொல். யாரோ ஒருவருடைய வீடு என்று அதற்குப் பொருள். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் காது சுட்டது. எந்த ஊர் வழக்கத்தை எங்கே கொண்டுவந்து காட்டுகிறான் இவன் என்று கூசிப்போனேன். இதை நான் உன்னிடம் சொல்லவேயில்லை. இன்று சொல்கிறேன்.

பிறகு நீ மேசையில் உட்கார்ந்து ஈயத்தாளைப் பிரித்து ரோல்ஸை ஒரு கடி கடித்தாய். மனேஜருக்கு மூச்சு நின்றது. “சாப்பிட்டுப் பாக்காமல் எப்பிடித் தெரியும்?” என்று என்னிடம் கேட்டாய். இரண்டாவது கடியில் நிறுத்தினாய். நேரெதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கக்கூஸ். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, மேசையை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னாய். சிறையை நடத்தப் போகிற அந்த அம்மா உடனே குறித்துக்கொண்டார். அந்த ஒரு விஷயம் ஒரே கிழமையில் மாறியது. இப்போது அத்தனை அறையின் வரைபடத்திலும் மேசை ஜன்னலைப் பார்த்துத்தான் இருக்கிறது. நாளைக்கு அங்கே உட்கார்ந்து சாப்பிடப் போகிற ஒருவனுக்கும் தெரியாது, அது ஒரு மட்டன் ரோல்ஸின் வேலை என்று.

கிளம்ப முதல் முழங்காலில் நின்று தரையை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தாய். “கதவடியில ரெண்டடிக்கு வேற நிறம் போடு. கடும் நிறம். வெட்டி எறியிற தரைத் துண்டே காணும், செலவில்லை. ஆருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை, கால் தானா நிக்கும்” என்றாய். கொஞ்சம் யோசித்து, “சப்பாத்து வாசல்ல கிடந்தால் ஆள் உள்ளுக்கு. கதவுத் துவாரத்தால எட்டிப் பாக்கிற காவல்காரனுக்கும் லேசு” என்றாய். தொழில்காரனும் மறியல்காரனும் சேர்ந்து சொன்ன யோசனை. நான் எத்தனை வருடம் படித்தும் எனக்கு அது வந்திருக்காது.

அடுத்த நாளே வரைந்தேன். வரைந்துவிட்டு, அது என்ன என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது. சப்பாத்து விடும் இடம் என்று எழுத எனக்கு வெட்கமாக இருந்தது மச்சான். வெள்ளைக்காரர் வீட்டுக்குப் போனால் கம்பளத்தில் சப்பாத்தோடு நடக்கவும் கூசி, கழற்றவும் கூசி வாசலிலேயே நிற்கிற ஆள் நான். இத்தனை வருடமாகியும் அந்தக் கூச்சம் போகவில்லை. ‘வாசல் பகுதி’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

வரைபடம் பாதுகாப்புப் பிரிவுக்குப் போய்த் திரும்பி வந்தது. மிக நல்ல யோசனை என்று எழுதியிருந்தார்கள். கதவு திறக்கும்போது கைதி இந்தப் பகுதிக்கு அப்பால்தான் நிற்க வேண்டும், ஆகவே விளிம்பில் மஞ்சள் கோடு போடுங்கள், சுவரில் ‘கோட்டுக்குப் பின்னால் நில்’ என்று எழுதுங்கள் என்று இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

உன்னிடம் மறைத்துப் பட்ட பாடு போதும் என்று நினைத்து, நான் எழுதாமல் விட்டதையும் மஞ்சள் கோட்டையும் அன்றே போனில் சொன்னேன். நீ வானுக்குள் இருந்தாய். வானை ஓரத்தில் நிறுத்தினாய். சிக்னல் விளக்கின் டக்டக் கேட்டது.

“எங்களையும் கோட்டுக்குப் பின்னாலதான் நிக்க வைச்சவங்கள்” என்றாய். “சுண்ணாம்பால கீறின கோடு.”

நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். நீ விடவில்லை. “நீ வெக்கத்தில எழுதாமல் விட்டாய். அவங்கள் எழுதிப்போட்டாங்கள். சரிப்பண்ணிப்போட்டு வந்து என்னோட கதை. அதுவரைக்கும் எனக்குப் போன் எடுக்காத.”

பதினோராம் நாள் உன் வீட்டிலிருந்து போன் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் தரை போட்டுக்கொண்டிருந்தபோது, முழங்காலில் இருந்தபடியே மாரடைப்பு. மரணவீட்டில் எல்லோரும் உன் முன்னால் நின்று ஏதோ சொல்லி அழுதார்கள். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. துக்கத்தில் ஊமையாகிவிட்டான் என்று சனம் நினைத்தது. துக்கம்தான். ஆனால் அதற்காக இல்லை. சரிப்பண்ணாமல் கதைக்காதே என்று நீ சொல்லியிருந்தாய், நான் இன்னும் சரிப்பண்ணியிருக்கவில்லை.

அதிலிருந்து ஏழு மாதம். மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் போட்டேன். அந்தக் கோடு என் நோக்கம் இல்லை, எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். நீங்கள் வரைந்ததுதானே, பாதுகாப்புப் பிரிவுக்குப் பிடித்திருக்கிறது, பிறகென்ன என்று பதில் வந்தது. அவர்களில் பிழையில்லை. எதற்கு என்ற காரணத்தை நான் அப்போதும் எழுதவில்லை. சுற்றி வளைத்து, தேவையற்றது, பொருத்தமற்றது என்று வழவழவென்று எழுதினேன். ஏழு மாதமும் அதே வாசலில் அதே கூச்சத்தோடு நின்றிருக்கிறேன் என்பது இந்தக் கிழமைதான் எனக்கு உறைத்தது.

இன்றைக்குத்தான் கடைசிச் சந்தர்ப்பம். கட்டடத்தில் முதலாவது அறை முடிந்திருந்தது. அதைப் பார்த்து எல்லோரும் கையெழுத்துப் போட்டால் மற்ற அறைகளையும் அப்படியே முடிப்பார்கள். மஞ்சள் பெயின்ற் வாளி வெளி நடையில் தயாராக இருந்தது. அந்த அம்மா, மனேஜர், பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஒருவர், நான். அவர்கள் உள்ளே போனார்கள். நான் கதவடியில் குனிந்து உன் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தேன். இரண்டையும் அந்தக் கடும் நிறத் தரையில், சுவரோரம் சேர்த்து வைத்தேன். இரண்டு சோடி காலுறையோடு உள்ளே நடந்தேன்.

மனேஜர் பழைய பாட்டையே பாடினார். வேலைத்தளம், விதி, உடனே மாட்டுங்கள். அந்த அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இந்த இடம் இதற்குத்தான்” என்றேன். “கோட்டுக்குப் பின்னால் நிற்க இல்லை. சப்பாத்தைக் கழற்றி வைக்க. நான்தான் வரைந்தேன். அதை எழுத வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். பிழை என்னுடையது.” பிறகு உன்னைப் பற்றிச் சொன்னேன். பாய், பதினான்கு பேர், செருப்பு வரிசை, சுண்ணாம்புக் கோடு. என் இங்கிலிஷ் இடையில் இரண்டு தரம் உடைந்தது. அப்போதும் நிறுத்தவில்லை.

அவர் உருகவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்தது. கைதி கழற்றிய சப்பாத்தை எடுத்து என் காவலர் மீது எறிந்தால் என்று கேட்டார். கட்டிலுக்குக் கீழிருந்தும் எறியலாம் என்றேன். என் ஆள் கதவைத் திறக்கும்போது உள்ளே இருப்பவன் எங்கே நிற்பான்? கதவு தட்டினால் தன் அறையில் மனிதன் எங்கே நிற்பானோ அங்கே என்றேன். அது அவருக்குப் போதவில்லை, முகத்தில் தெரிந்தது. அப்போது நீ சொன்ன மற்றச் சொல் நினைவுக்கு வந்தது. “சப்பாத்து வாசலில் கிடந்தால் ஆள் உள்ளே. துவாரத்தால் எட்டிப் பார்க்கிற உங்கள் ஆளுக்கு முதலில் தெரிவது அதுதான்” என்றேன்.

அவர் வெளியே போனார். கதவைச் சாத்தச் சொன்னார். துவாரத்தால் பார்த்தார். கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது, உள்ளே நாங்கள் மூன்று பேர். மனேஜர் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திறந்து உள்ளே வந்தவர் கேட்டார்: “ரோல் சாப்பிட்டாரே, அவரா?”

ஓம், அவன்தான் என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

“என் ஆட்கள் சப்பாத்தைக் கழற்ற மாட்டார்கள், அதை என்னிடம் கேட்காதீர்கள்” என்றார். கேட்கவில்லை என்றேன். என் கையிலிருந்த வரைபடத்தை வாங்கி, மஞ்சள் கோட்டை வெட்டினார், சுவர் அறிவிப்பை வெட்டினார். ‘வாசல் பகுதி’ என்பதையும் வெட்டிவிட்டுத் தன் பேனாவால் ஒரே சொல் எழுதினார். சப்பாத்து. அவ்வளவுதான். ஏழு மாதமாக என் கையால் எழுத முடியாமல் இருந்த சொல். பாதுகாப்புப் பிரிவுக்காரரும் கீழே கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் வென்றுவிட்டேன் என்று நினைக்காதே. அது மறியல்தான். கதவு வெளியிலிருந்துதான் பூட்டும். சோதனைக்கு வருகிறவன் சப்பாத்தோடுதான் வருவான். ஆனால் அவன் அந்த இரண்டடியைத் தாண்டும்போது, அங்கே இன்னொருவனின் சப்பாத்து கழற்றி வைத்திருக்கும். தான் எங்கே கால் வைக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்க ஏலாது. இனி ஒவ்வொரு தளம் முடியும்போதும் நான் போய்ப் பார்ப்பேன். எவனாவது மஞ்சள் வாளியோடு வந்தால் அந்த இடத்திலேயே நின்று கத்துவேன். கூச்சம் எல்லாம் முடிந்தது.

இன்னொன்று, கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். வேலைத்தளத்தில் சப்பாத்தைக் கழற்றியதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை புதிதாக வேலைக்கு வந்த பெடியங்களோடு உட்கார்ந்து பாதுகாப்பு வகுப்புக் கேட்க வேண்டும். கடிதத்தை மடித்து உன் வலது சப்பாத்துக்குள் வைத்திருக்கிறேன். இரண்டும் காரில்தான் இருக்கும், சரிட்டிக் கடைக்குப் போகாது. வகுப்புக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகப் போகிறேன்.

இதை என் குசினியில் இருந்து எழுதுகிறேன். வெறுங்காலுக்குக் கீழே நீ போட்ட தரை. கதவடியில் நீ ஒட்டிய நாடாவின் பசை ஒரு துண்டு இன்னும் போகவில்லை, என் மனைவி எத்தனையோ தரம் தேய்த்துப் பார்த்துவிட்டாள்.

சரிப்பண்ணிப்போட்டன் மச்சான். இனி நான் கதைக்கலாம்தானே.